சிவப்புப் புள்ளி வைத்த நட்டுகள்

நானா,

இன்று காலை குருவிட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். பின்பக்கம் ஒயில் ஒழுகுகிறதாம். அடியில் படுத்து ஒயில் வடிக்கும் மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பழைய கியர் ஒயிலின் நாற்றம். அழுகிய முட்டையும் கந்தகமும் கலந்தது போல இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? மேலே நின்ற ஆசிரியர், “போன மாசந்தான் வேற ஒரு பாஸ் செஞ்சாரு. ஆள் ஏமாத்திட்டாரு போல” என்றார். நீங்கள் மௌத்தாகி, கண்ணை மூடி, எட்டு மாதமாகிறது. இந்த நாற்றத்தோடு உங்கள் முகமும் வந்து நின்றது.

அப்போது நான் வண்டி திருத்துகிறவன், கஹவத்தைப் பக்கம் அந்த இறப்பர் தோட்டத்து வேர்க்‌ஷாப்பில் பாஸ். நீங்கள் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் டிரைவர், முஸ்லிம் அண்ணன் என்பதால் எங்களுக்கெல்லாம் நானா. கறுப்பு மொரிஸ் மைனர், தொரையின் தகப்பன் ஓட்டிய கார். புது ஜீப் ஒன்று நின்றும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு விகாரைக்கு என்று அவர் அதில்தான் போவார். ஒருநாள் பங்களா முற்றத்துச் சிமெந்தில் ஒயில் திட்டு கண்டு, “பாஸ், இத நிப்பாட்டணும்” என்றார்.

பின் சில்லுகளைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் பெட்டியின் வாயில் இருக்கும் கேஸ்கெட் மக்கிப்போயிருந்தது. வெறும் கடதாசி போன்ற ஒரு வளையம். அதை மாற்ற இரண்டு பக்க எக்ஸல் தண்டையும் இழுத்து, எட்டு நட்டைக் கழற்றி, பல்சக்கரங்களை அப்படியே வெளியே எடுக்க வேண்டும். நீங்களும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் படுத்தீர்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிச் சுரண்டி உங்கள் விரல் கன்றிப்போனது. “இந்தக் கடதாசித் துண்டுக்கு இவ்வளவு பாடா, தம்பி?” என்று கேட்டீர்கள். கறுப்புக் கம் பசை தடவி, புது கேஸ்கெட்டை ஒட்டி, நட்டுகளை எதிரும் புதிருமாக இறுக்கினேன். வேலை அழகாகத் தெரியட்டும் என்று பெட்டி முழுவதற்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். தொரை குனிந்து பார்த்து, “புதுசு மாதிரி” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாளில் மறுபடியும் ஒயில். திரும்பச் செய்தேன். திரும்பவும் ஒழுகியது.

என் கைவேலையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, நானா. உங்கள் மேல்தான் வந்தது. உங்கள் மச்சான் டவுனில் கராஜ் போட்டிருந்தார். கார் இரண்டு முறை அங்கே நின்றதைப் பார்த்ததாகக் கங்காணி சொன்னார். தொரையின் காரை அங்கே கொண்டுபோக நீங்கள் நட்டைத் தளர்த்துகிறீர்கள் என்று என் புத்தி கதை கட்டியது. அதன்பிறகு நீங்கள் சிரித்தாலும் அதில் ஏதோ இருப்பதாகப் பட்டது. சிரிக்காவிட்டால் இன்னும் மோசம்.

மூன்றாம் முறைக்காகக் கேஸ்கெட்டும் கம்மும் வாங்க இரண்டு பேரும் இரத்தினபுரிக்குப் போனோமே, அந்த நாள் நினைவிருக்கிறதா? கொழும்பில் குண்டு வெடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பொலிஸ் மறித்தது. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இறங்கச் சொன்னார்கள். பையில் கறுப்புப் பசை டின், கொஞ்சம் வயர், ஸ்பேனர்கள். “மே மொனவாத?” இது என்ன என்று ஒருவன் டின்னை என் மூக்குக்கு நேரே நீட்டினான். எனக்கும் நன்றாகச் சிங்களம் வரும். அன்றைக்கு ஒரு சொல்கூட வரவில்லை. நீங்கள் கதவைத் திறந்து இறங்கி வந்து எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றீர்கள். “மே அபே பாஸ். மம தன்னவா.” இவர் எங்கள் பாஸ், எனக்குத் தெரியும். உங்கள் அட்டையையும் நீட்டி, என்னைப் பிடிப்பதானால் உங்களையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னீர்கள். கம்மை விரலில் எடுத்து நகத்தில் பூசிக் காட்டினீர்கள். அரைமணி நேரத்தில் விட்டுவிட்டார்கள்.

மிச்ச வழி முழுக்க உங்களுக்கு நன்றி சொல்லாமல் நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் தெரியுமா? ‘இந்த மனுசன் ஏன் இவ்வளவு அவசரமாக எனக்காகப் பேசினார்? என் வாயை அடைக்கவா?’ அவ்வளவு தூரம் போயிருந்தது என் புத்தி.

மூன்றாம் முறை இறுக்கி முடித்ததும், மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் எட்டு நட்டுக்கும் புள்ளி வைத்தேன். பாதி நட்டில், பாதி பெட்டியில். நட்டைத் திருப்பினால் புள்ளி விலகும். பன்னிரண்டாம் நாள் ஒயில் சொட்டியது. அடியில் போய்ப் பார்த்தேன். ஏழு புள்ளி அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் கலைந்திருந்தது. ஒயில் பட்டால் நகப்பூச்சு கலையும் என்று யோசிக்க எனக்கு மனமில்லை.

காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் நேரம் தொரை எல்லார் முன்னாலும் கேட்டார், “என்ன பாஸ், மூணாவது தடவை?”

“என் வேலையில பிழையில்லீங்க தொரை. ஆள் கை பட்டிருக்குங்க.”

“யார் கை?”

நான் வாயால் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

நீங்கள் போய்க் காருக்கு அடியில் குனிந்து பார்த்தீர்கள். எழுந்து வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள்: “தம்பி, இந்தச் செவப்பு காருக்கு வெச்சதா, எனக்கு வெச்சதா?” பிறகு சாவியைத் தொரையின் மேசையில் வைத்துவிட்டு, பஸ் பிடிக்க இறங்கிப் போனீர்கள். தொரை தடுக்கவில்லை.

புது டிரைவர் வந்தான். அவனுக்கு டவுனில் யாரையும் தெரியாது. பதினோராம் நாள் கொண்டையூசி வளைவில் பிரேக் வழுக்கி, கார் மண்மேட்டில் மோதி நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒயில் சில்லுக்குள் போய்ப் பிரேக்கை நனைத்திருந்தது.

முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. பெட்டியைத் தடவிக்கொண்டே போனேன். அதன் முதுகில், சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். இருந்தது. பெயின்ட்டால் அடைபட்டிருந்தது. நான் அழகுக்கு அடித்த பெயின்ட். காற்றுக்குப் போக வழியில்லாமல், ஓடும் ஒவ்வொரு முறையும் அது ஒயிலை இடுக்கு வழியே வெளியே தள்ளியிருக்கிறது. குத்தூசியால் குத்தினேன். புஸ் என்று காற்று வந்தது. ஆள் கை பட்டது உண்மைதான், நானா. என் கை.

தொரையிடம் சொல்லிவிட்டு அன்றே உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நிற்கவைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு இஞ்சித் தேத்தண்ணி தந்தீர்கள். கடைசிவரை கேட்டீர்கள்.

“தொரைட்ட சென்னியா?”

“சொல்லிட்டேன் நானா.”

“எல்லாரும் ஈக்கக்கொள்ளயா?” எல்லாரும் இருக்கும்போதா என்று கேட்டீர்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில் நூறு பேருக்கு முன்னால் சொன்னேன். கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். தொரை உங்களைத் திரும்பக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். நீங்கள் வரவில்லை. மச்சானோடு சேர்ந்து ஒரு பழைய வேன் எடுத்து ஓட்டத் தொடங்கினீர்கள்.

பிறகு நான் தோட்டத்தை விட்டு டவுனில் கராஜ் போட்டபோது, முதலில் வந்து நின்ற வண்டி உங்கள் வேன். மச்சானின் கராஜைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். சாவியைத் தந்துவிட்டு எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டீர்கள். பத்து வருடமும் அப்படித்தான். என்ன கழற்றினேன், என்ன மாட்டினேன் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அது நம்பிக்கையா, எனக்குத் தரும் தண்டனையா? சந்தேகக்காரனுக்கு அது பெரிய பாடு.

ஒருமுறை வேனுக்கு அடியில் கிடந்தபடியே கூப்பிட்டேன்: “நில்லுங்க நானா, பக்கத்துல நின்னு பாருங்க.”

“என்னத்துக்கு? நீதானே செய்ற.”

எனக்குத் தெரிந்தது உங்கள் செருப்பு இரண்டும், சாரத்தின் கரையும்தான். சொன்ன முகம் எப்படி இருந்ததோ தெரியாது. வெளியே வந்து பார்த்திருக்கலாம். பயத்தில் வரவில்லை. செருப்பு திரும்பித் தெருவைக் கடந்து போனது. அந்தக் குரலை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒருநாள் அன்பாகக் கேட்கிறது, ஒருநாள் வேறு மாதிரி.

இப்போது யார் மேலாவது எனக்குச் சந்தேகம் முளைத்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வருகிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். உங்களிடம் மட்டும் கேட்க முடியாமல் போய்விட்டது, நானா.