உங்கள் காரில் யாரும் ஏறுவதில்லை, அண்ணா

எனக்கு அண்ணனாகவும் அப்பனாகவும் இருந்து, கியர் போடக் கற்றுக்கொடுக்கும்போது மட்டும் எதிரியாக மாறிய என் அண்ணாவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு இது இரண்டாவது கோடை. வெண்ணந்தூர்ப் பக்கம் மழை இல்லை. பருத்திக் கொட்டகையில் உங்கள் கார் நிற்கிறது. ஓட்டம் இல்லாத வாரங்களில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி நிறுத்திவிடுகிறேன். பாட்டரி பாதி செத்துப்போய்விட்டது. சார்ஜ் ஏற்றக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பாவாயிதான். உங்கள் மகள் மறுபடியும் உண்டாயிருக்கிறாள். எட்டாவது மாதம். நம் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருக்கிறோம். இந்தத் தடவை பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், வலி எடுத்ததும் தாமதிக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சேலத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவளை எதில் கொண்டுபோவது என்பதுதான் இத்தனை நாளும் என் கவலை. கொட்டகையில் கார் நிற்கும்போது இது ஒரு கவலையா என்று கேட்பீர்கள். கோபப்படாமல் கேளுங்கள், சொல்கிறேன்.

நயா பைசா வந்த வருஷம் நீங்கள் அந்தக் காரைச் சேலத்தில் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். ஊரில் எல்லோரும் பிளஷர் என்றார்கள். வாங்கியவர் நீங்கள், பாடுபட்டவன் நான். கிணற்றடியில் நிறுத்திக் கழுவுவது, ராசிபுரம் பங்கில் தகர டின்னில் பெட்ரோல் வாங்கிவந்து துணியில் வடிகட்டி ஊற்றுவது, பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. தோட்டத்துப் பாதையில் வேலாமுள் குத்தாத நாள் கிடையாது. டியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் அசல் டியூப் எது, ஒட்டு எது என்று தெரியாமல் போனது.

ஹேண்டிலைச் சுற்றும்போது கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதே, திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும் என்று ஆயிரம் தரம் சொல்வீர்கள். நான் மடக்கித்தான் பிடிப்பேன். அதற்கு நீங்கள் திட்டுவதைக் கேட்க வேலியோரம் ஆள் நிற்கும்.

ஆனால் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு உங்கள் கார்தான். முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னாலேயே வந்து உங்களிடம் தேதி கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. மாப்பிள்ளை பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, அவர் மடியிலும் தோளிலும் ஊர்ப் பிள்ளைகள் ஏறிக்கொள்ளும். சீட்டெல்லாம் சந்தனமும் வெற்றிலைச் சாறுமாகத் திரும்பி வரும். நான் முணுமுணுப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

அப்புறம் அந்த ஐப்பசி வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். சேலத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பள்ளத்தில் இறக்கும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து, "கிளட்ச்சை முழுசா மிதிடா" என்று அந்த வலியிலும் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களை வீட்டுக்குக் கொண்டுவர வேறு வண்டி தர யாரும் ஒப்பவில்லை. நம் கார் வாசலில்தானே நிற்கிறது என்று பங்காளிகள் சொன்னார்கள். வழியில் நிறுத்தி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று, உடம்புக்கு முடியாதவரைப் போல உங்களைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, தாடையைத் துண்டால் கட்டி, இருபுறமும் இருவர் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் செய்கிற வழக்கம்தான், அண்ணா. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினேன், கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தது. கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுக் காரை எடுத்தேன். அன்றைக்குக் கிளட்ச்சை முழுசாக மிதித்துத்தான் ஓட்டினேன்.

பாவாயிக்கு அப்போது மூன்றாவது மாதம். உங்களுக்கு எப்போது சொல்லலாம் என்று அண்ணி நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அது தெரியாமலே போய்விட்டீர்களே என்பதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

காரை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினோம். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சீட்டுத் துணியைக்கூட மாற்றினேன். தை மாதம் பிறந்தது, யாரும் காருக்கு வரவில்லை. முன்பே சொல்லி வைத்திருந்தவர் ஒருவர் வந்தார். மோர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில் துண்டை உதறிக்கொண்டே, "காரு ரிப்பேருங்களாமா?" என்றார்.

"இல்லைங்க, நல்லாத்தான் ஓடுது" என்றேன்.

"இல்லீங்க, ரிப்பேருன்னு சொன்னாங்க" என்று அவரே முடிவு கட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஊரே சேர்ந்து உங்கள் காரை ரிப்பேர் ஆக்கிவிட்டது, அண்ணா. எனக்கு வந்த ஆத்திரத்தில் சந்தை நாளில் காரை எடுத்துக்கொண்டு கடைவீதியில் ஹாரன் அடித்தபடி இரண்டு சுற்றுச் சுற்றினேன். வழியில் வந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ஐப்பசிவரை அந்தப் பிள்ளைகள் இதன் படியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள்தானே? விற்றுவிடலாம் என்று நாமக்கல் தரகரை வரவழைத்தேன். ஓட்டிப் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். டீக் கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவர் அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டார்.

இதெல்லாம் போகட்டும். பாவாயி கதைக்கு வருகிறேன்.

தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஆட்டையாம்பட்டிச் சம்பந்தியம்மா தன்னிடமே வைத்துக்கொண்டார். சித்திரையில் ஒரு காலை, அவர்கள் தோட்டத்து ஆள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றார். முந்தின நாளிலிருந்து வலி, பிள்ளை இறங்கவில்லை, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள் என்றார். நான் ஹேண்டிலை ஒரே சுற்றுச் சுற்றினேன், கார் பிடித்துக்கொண்டது. போகிற வழியெல்லாம் அதற்காக அதைத் தட்டிக்கொடுத்தேன்.

அங்கே போய்ச் சேர்ந்தால், வாசலில் கூண்டு வண்டி பூட்டி நிற்கிறது. பாவாயியை வைக்கோல் மேல் படுக்கவைத்திருந்தார்கள். நான் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். சம்பந்தியம்மா வண்டிக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை, அண்ணா. இரவெல்லாம் கண் விழித்து அழுத முகம்.

"பொணம் ஏறுன காருங்க சம்பந்தி. உசுரு ரெண்டா இருக்கறவள அதுல ஏத்த எனக்கு நெஞ்சு துணியலைங்க. கோவிச்சுக்காதீங்க."

"வாடகைக் காராவது புடிக்கலாமுங்க" என்றேன்.

"முகூர்த்த நாளுங்க. இருக்கற ஒரு காரும் கல்யாணத்துக்குப் போயிருச்சுங்க."

வண்டிக்குள்ளிருந்து பாவாயியின் குரல் கேட்டது. "எங்கப்பா காருதானுங்களே அத்தை. நான் ஏறிக்கறனுங்க." அவள் அப்படிச் சொன்னதை நான் மட்டுமா கேட்டேன், அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

மாட்டு வண்டி புறப்பட்டது. நான் என்ன செய்வேன்? காலி காரை ஓட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே போனேன்.

மாட்டின் நடைக்கு ஒரு காரை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முதல் கியரில் போட்டால் வண்டியை இடிக்கப் போகிறது. நிறுத்தினால் மறுபடி எடுக்க வேண்டும். உச்சி வெயில். முகத்தில் அடிக்கிற காற்று இருந்தால்தானே ரேடியேட்டர் ஆறும்? நத்தை மாதிரி ஊர்ந்தால் எப்படி ஆறும்? மூடியோரம் ஆவி கசிய ஆரம்பித்தது. டிக்கியில் இருந்த டின் தண்ணீரை ஊற்றித் தீர்த்தேன். முன்னால் கூண்டுக்குள் அவள் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் என் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

பாதி வழியில், வறண்ட ஏரிக்கரை ஏற்றத்தில், கத்தல் நின்றுவிட்டது. சம்பந்தியம்மா வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"ஏத்திக்கங்க சம்பந்தி. பொழைச்சாப் போதுமுங்க. ஏத்திக்கங்க."

ஏற்றிக்கொண்டோம். கார் நகரவில்லை. ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துப்போகும், ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது. ஆறவிடுவதற்கு அங்கே யாருக்குப் பொறுமை? ஊற்றுவதற்குத்தான் தண்ணீர் எங்கே? மாப்பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரிந்த கிணற்றுக்கெல்லாம் ஓடினார். நான் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மாட்டு வண்டியில் இருந்த விசிறியால் விசிறிக்கொண்டு நின்றேன், அண்ணா. காருக்கு விசிறினேன். பின்சீட்டில் உங்கள் மகள் நீங்கள் சாய்ந்த அதே இடத்தில் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த பிறகு கார் ஓடியது. நன்றாகவே ஓடியது. ஏரிக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை எங்கேயும் நிற்கவில்லை. மூன்று மைல் கழிந்ததும் சம்பந்தியம்மா, "இத்தன வெரசலா போவுமுங்களா இது?" என்று கேட்டார். நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினேன்.

பாவாயி பிழைத்துக்கொண்டாள். ஆண் பிள்ளை. வயிற்றிலேயே போய்விட்டான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நான் வாசலில் நின்று வேறு வண்டி பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா தானாக வந்து உங்கள் காரின் கதவைத் திறந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுலயே போயிரலாமுங்க. இது ஏற்கெனவே ஏத்துன காருதானுங்களே."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. காலையில் ஆகாத கார் சாயங்காலம் எப்படி ஆயிற்று என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்த அம்மாள் பேரனின் முகத்தை முந்தானையால் மூடி, வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்பது? ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

அதற்குப் பிறகு உங்கள் காருக்கு ஆள் வராமல் இல்லை, அண்ணா. வருகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரையாவது கொண்டுவர வேண்டும் என்றால் சுற்றுவட்டாரத்துக்கு இப்போது நம் கார்தான். மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. உங்களுக்காக நான் ஆள் ஆளாகக் கெஞ்சி நின்றது நினைவுக்கு வந்துவிடுகிறது. கண்ணாடியை மேலே திருப்பியே வைத்துவிட்டேன், அதைக் கீழே இறக்குவதே இல்லை.

இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் சரி, பாவாயியை வீட்டு வாசலிலேயே காரில் ஏற்றி ஒரே மிதியில் சேலம் கொண்டுபோய்விடுவேன் என்று வீறாப்பாக இருந்தேன். போன வாரம் அவளிடம் சொன்னேன். அவள் கொட்டகைப் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

"அந்தக் காரு மட்டும் வேண்டாமுங்க சித்தப்பா. எங்கப்பாவும் அதுலதான் போனாரு, எம்பையனும் அதுலதான் போனான். நான் ஏறுனா நானும் போயிருவனுங்க."

எங்கப்பா காருதானுங்களே என்று சொன்னவள் வாயாலேயே இதைக் கேட்டுவிட்டேன். ஊர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னபோது எனக்கு ஒன்றுமே வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவன்போல எழுந்து போய், தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். அண்ணி பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலப் போனார்.

நேற்று ராசிபுரம் போனேன். ஸ்டாண்டில் நின்ற வாடகைக் கார்க்காரர் ஒருவரிடம் பேசி, மாதம் நெருங்கியதும் நம் வாசலிலேயே வந்து இருக்கச் சொல்லியிருக்கிறேன். முகூர்த்த நாளாக இருந்தாலும் நகரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சவாரி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"அல்லாத்துக்கும் போவனுங்க. உசுரோட ஏத்திக்கிட்டும் போவன், உசுரு போனவங்கள ஏத்திக்கிட்டும் வருவன். கழுவி உட்டாத் தீந்துச்சுங்க."

வீட்டுக்கு வந்ததும் பாவாயி கேட்டாள். "நல்ல காருங்களா சித்தப்பா?"

"நல்ல காரு சாமி" என்றேன். அவள் முகம் எவ்வளவோ நாளைக்குப் பிறகு தெளிந்தது.

அண்ணா, பிள்ளையை உயிரோடு கொண்டுவருவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அது என் கையில் இல்லை என்பதைப் போன சித்திரை எனக்குக் காட்டிவிட்டது. ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அந்த வாடகைக் காரில் இதற்கு முன்னால் யார் யார் போனார்கள் என்று உங்கள் மகளிடம் சாகும்வரை சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறந்தவன்,
பாவாயியின் சித்தப்பன்.