உங்கள் கறுப்புக் கோழியின் பெயர்

அக்கா,

இன்று காலை ஆறரை மணிக்கு நம் தெரு வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: ஐஸ் பெட்டியோடு வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா, உங்கள் வீட்டுக்காரர் பாய், என் வீட்டுக்காரர், தையல் மெஷின் வைத்திருக்கும் செல்வி, மேரி டீச்சர், நான். கூடையிலும் சாக்கிலும் அட்டைப்பெட்டியிலுமாகத் தொண்ணூற்று நான்கு கோழிகள். உங்கள் வீட்டு ஓட்டின்மேல் ஒன்று.

அந்த ஒன்று உங்களுடையது.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்ததும் ஐஸின் குளிரும் ஈர இறகின் வாடையும் சேர்ந்து வந்தன. மூன்று வருஷத்துக்கு முன் இதே மரத்தடியில் உங்கள் முந்தானையில் இருந்த அதே வாடை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மேரி டீச்சர், "இன்னாமா, தனியா சிரிக்கிற?" என்றார். எப்படிச் சொல்வது, எதிலிருந்து தொடங்குவது?

அந்த வருஷம் பக்கத்துத் தெருவில் கோழி அம்மை வந்திருந்தது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுத்த கொப்புளங்கள். கண் மூடிப்போன கோழிகள் இரை இருக்கும் இடம் தெரியாமல் மண்ணைக் கொத்தின. ஊசி போடலாம்; ஆனால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவளுக்காக யாரும் குப்பியை உடைக்க மாட்டார்கள். "நூறு சேத்து வெச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று டாக்டரம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

பாய் கடையில் சாமான் கட்டித் தந்த தாள்களைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்துக் கூட்டவே வந்தது. ஆகவே அந்தத் தாளையும் நான்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். கொசு பரப்பும் என்று இருந்தது. மனிதருக்கு ஒட்டாது என்று இருந்தது. இறக்கைத் தோலில் ஊசி போட்ட இடத்தில் எட்டாம் நாள் பொருக்கு வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று இருந்தது. இதை நானே சத்தமாகப் படித்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வீடு வீடாகப் போனீர்கள். "நாளைக்குக் காலையில கோழியத் தொறந்து வுட்டுடாதீங்க. வுட்டீங்கன்னா அப்புறம் அந்த ஊசிய நாமதான் போட்டுக்கணும்." மறுநாள் என் நோட்டில் தொண்ணூற்று ஒன்பது என்று வந்து நின்றது.

"இன்னாடி, ஒண்ணு கொறையுது. உன் செவலைச் சேவல் எங்க?"

"அது அம்மனுக்கு நேந்துவிட்டதுக்கா. ஊசி குத்தினா பழுது ஆயிடும்."

உங்களுக்குத் தெரியாததா? சேதராப்பட்டில் வேலை செய்யும்போது என் வீட்டுக்காரர் கண்ணில் இரும்புத் துகள் தெறித்து, பார்வை திரும்புமா என்றே தெரியாமல் இருந்த நாளில் நான் வேண்டிக்கொண்டது அது. கண் திரும்பினால், கண் நன்றாக இருக்கிற ஒரு சேவலை ஆடி மாதம் கோயிலில் உயிரோடு விடுகிறேன் என்று. கண் திரும்பிவிட்டது. இப்போது அம்மை பக்கத்துத் தெருவில் நின்றது. சேவலின் கண் போனால் நான் அம்மனிடம் எதைக் கொண்டுபோவேன்?

நீங்கள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"எங்க வூட்டு பக்ரீத் ஆட்டுக்கும் பழுது இருக்கக் கூடாதுடி. அதுக்காகத்தான் பாய் ஊசி போட்ட ஆடாப் பாத்துப் புடிச்சாருவாரு. கொப்புளம் வந்தாதான் பழுது. உன் பொண்ணுக்குக் காது குத்துனியே, பழுதாப் பூடுச்சா?"

"காது குத்துறது வேற."

"ஒரு வேறயும் இல்ல. மாமன் மடியில ஒக்கார வெச்சுக் குத்தினா எல்லாம் சரியாப் பூடும்."

கிருமாம்பாக்கம் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாயை நிறுத்தினீர்கள். "நான் கடை தொறக்கணும்" என்றார் அவர். "மாமன் ஆவறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? ஒக்காருங்க." வெளுத்த லுங்கியை மடித்துக்கொண்டு பாய் சப்பணமிட்டு உட்கார்ந்து சேவலை மடியில் வாங்கிக்கொண்டார். நீங்கள் ஒரு தட்டில் நொய்யும் வெற்றிலையும் வைத்து மாமன் சீர் என்று சேவலின் முன் நீட்டினீர்கள். டாக்டரம்மா சேவலின் இறக்கையை விசிறிபோல் விரித்து, இரட்டைமுனை ஊசியை மருந்தில் தோய்த்துத் தோலில் குத்தினார். சேவல் கத்தவில்லை. பாயின் லுங்கியை நனைத்துவிட்டது.

"சீரை வாங்கிக்கினு மருமவன் பதில் சீரு செஞ்சிட்டான் பாய்" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

எட்டாம் நாள் நான் செய்ததுதான் வெட்கக்கேடு. இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன், பொருக்கு. அம்மை வந்துவிட்டது என்றே நினைத்தேன். வாசலில் வேப்பிலை கட்டினேன். தாளிப்பதை நிறுத்தினேன். யாரையும் உள்ளே விடவில்லை. சேவலுக்கு மஞ்சள் தண்ணீர் வைத்து, மூன்று நாள் ஒருபொழுது இருந்தேன். "அதுக்கு அம்மைன்னா எனக்கு எதுக்குடி பத்தியம்?" என்று முனகிக்கொண்டே என் வீட்டுக்காரர் உப்பில்லாத கஞ்சியைக் குடித்தார்.

நீங்கள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். "இன்னாடி வேப்பிலை? யாருக்கு?"

"சேவலுக்குக்கா."

"நீதான எனக்குப் படிச்சுக் காமிச்ச, எட்டாம் நாளு பொருக்கு வரணும்னு?"

"படிச்சப்ப பயமா இல்லக்கா. பாத்தப்பதான் பயந்துட்டேன்."

வேப்பிலை கட்டிய வாசலை நீங்கள் தாண்டவில்லை. சேவலைக் கேட்டுக்கே கொண்டுவரச் சொன்னீர்கள். இறக்கையை விரித்து, இறகு ஒதுங்கும்படி வாயால் ஊதினீர்கள். அது பருப்பளவுப் பொருக்கு, அவ்வளவுதான். "ஆத்தா உள்ள வரலடி. வாசல்ல நின்னு பேரு எழுதிக்கினு பூட்டா. இனிமே இந்த வூட்டுக்கு வரமாட்டா. போய் அந்த மனுஷனுக்கு ஒரு கடுகு தாளி" என்றீர்கள். உள்ளேயிருந்து, "அக்கா நல்லா இருக்கணும்" என்று குரல் வந்தது.

பிறகு தெரு முழுக்க இறக்கைகளை ஊதிப் பார்த்தோம். பொருக்கு வராத இரண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, மறுபடி ஊசி போட, செலியமேட்டில் அடுத்த குப்பி உடைத்த இடத்துக்குப் போனோம். கண்டக்டர் பையைப் பார்த்து, "இதுங்களுக்கு டிக்கெட்டு?" என்றார். "மடியில வெச்சுக்கிற புள்ளைங்கபா" என்றீர்கள்.

அந்த மழையில் பக்கத்துத் தெருவில் கூடு கூடாகக் காலியானது. நம் தெருவில் ஒரு கோழிக்கும் கண் மூடவில்லை. ஆடியில் சேவல் இரண்டு கண்ணும் பளபளவென்று கோயிலுக்குப் போனது. இன்னும் அங்கேதான் ராஜாங்கம் பண்ணுகிறது. போன வெள்ளிக்கிழமை அந்த வழியாக சைக்கிளில் போன பாயைத் துரத்தியதாம். "மாமன்னுகூட பாக்க மாட்டேங்குது" என்று குறைபட்டுக்கொண்டார்.

நீங்கள் போன ஐப்பசியில் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள். கறுப்புக் கோழி அப்போது குஞ்சுப் பருவம் தாண்டியிருந்தது. அதற்கு ஊசி போட முறை வரவில்லை. யார் கைக்கும் வராத கோழி உங்கள் குரலுக்கு மட்டும் ஓடி வரும். கொல்லையில் நின்று ஏதோ பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிடுவீர்கள். பெயரைக் கேட்டால், "சொல்ல மாட்டேன் போடி. சொன்னா நீ கூப்புட்டு உன் வூட்டுல முட்டை போட வெச்சுக்குவ" என்பீர்கள்.

இன்று காலை அதை இறக்க எல்லோரும் பார்த்தோம். நொய் இறைத்தோம். செல்வி ராணி என்றாள், மல்லி என்றாள், கருப்பாயி என்றாள். என் வீட்டுக்காரர் என் பெயரையும் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் அது கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. இல்லை என்று திரும்பிக்கொண்டது. பாய் மேலே பார்த்தபடி, "நாப்பது வருசம் கூடவே இருந்தேன், ஒரு கோழி பேரு எனக்குத் தெரியலியே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குப்பியில் இன்னும் ஆறு கோழிக்கு மருந்து இருந்தது. டாக்டரம்மா நேரம் முடியும்வரை காத்திருந்து, மிச்சத்தைக் கொதிநீரில் ஊற்றினார். இந்த வாரம் மறுபடி பக்கத்துத் தெருவில் இரண்டு கோழிக்குக் கண் மூடியிருக்கிறது. மாலையானால் உங்கள் கறுப்புக் கோழி வேப்பமரத்து உச்சிக்குப் போய்விடுகிறது. அங்கே ஏற ஆளில்லை.

எட்டாம் நாள் வீடு வீடாகப் போய் ஊதிப் பார்ப்பது இப்போது என் வேலை. உங்களைப்போலவே உதட்டைக் குவித்து ஊதுகிறேன் என்று மேரி டீச்சர் சொல்கிறார். இனி வேப்பிலை கட்ட மாட்டேன்.

வியாழக்கிழமை செலியமேட்டில் அடுத்த குப்பி உடைக்கிறார்கள். துணிப்பையைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டேன். அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிடுங்கள், அக்கா. கனவில் வந்து சொன்னாலும் சரி, பாய் காதில் போட்டாலும் சரி. முட்டையெல்லாம் பாய் வீட்டுக்கே போகும், அம்மன்மேல் ஆணை. புதன்கிழமைக்குள் பதில் வேண்டும்.