பென்சில் இல்லாத வகுப்பேடு

மே 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஸொரித்சா,

எப்போதும் போல இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் காகிதத்தை எடுத்தேன். கை ஓடவில்லை. போன் இருக்கும்போது இதென்ன கடிதம், அதுவும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிற அளவுக்கு என்று நீ திகைப்பாய். போனில் நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதே போனில் உண்மையைச் சொல்ல நாலு தடவை முயன்றேன், நாலு தடவையும் வியன்னாவில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வியாழக்கிழமை வண்டியில் இது புறப்படும். கூடவே ஒரு ஜாடி அய்வார், நானே சுட்டு அரைத்த சிவப்பு மிளகாய்த் தொக்கு, வைத்திருக்கிறேன். அதைத் தின்றுகொண்டே படிக்காதே, தொண்டையில் சிக்கும்.

முதலில் உன் வீட்டுச் சேதி. உன் வீட்டுக்காரர் புதிமிர் அண்ணன் நன்றாக இருக்கிறார். மர ஆலையில் இப்போது சனிக்கிழமையும் வேலை. வேலிக்கு வண்ணம் அடித்துவிட்டார். நீ நீலம் சொன்னாயாம், கடையில் பச்சைதான் இருந்ததாம். அவரிடம் சண்டைக்குப் போகாதே, ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறார்.

புனித ஜார்ஜ் நாளுக்கு உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ இல்லாத மூன்றாவது வருடம். பூஜை ரொட்டியை உன் மகள் யக்லிகாவே சுட்டிருந்தாள். மேலே பின்னல் வேலை எல்லாம் செய்து, அப்படியே உன் கை. விருந்தாளிகள் எல்லாருக்கும் காபி எடுத்து வந்தாள். என் முன்னால் தட்டை நீட்டி, “டீச்சர், சர்க்கரை போதுமா?” என்றாள்.

டீச்சர் என்றாள், ஸொரித்சா. உன் வீட்டுக் கூடத்தில். பிறந்த நாளிலிருந்து என்னை லியுபா சித்தி என்று கூப்பிட்ட குழந்தை. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சித்தி, உள்ளே வந்ததும் டீச்சர் என்று அவளே பிரித்து வைத்திருந்தாள். இப்போது வீட்டிலும் டீச்சர். புதிமிர் அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை, பிள்ளை மரியாதை கற்றுக்கொண்டாள் என்று சிரித்தார். நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

மார்ச் மாதம் உன் போனுக்கு ஒரு செய்தி வந்ததே, கணக்கில் யக்லிகாவுக்கு ஐந்துக்கு ஒன்று என்று. அந்த ஒன்றை அவள் வாங்கவில்லை. நான்தான் போட்டேன்.

அன்று மாவட்டத்திலிருந்து ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். எங்கள் பள்ளியின் மின் வகுப்பறையைப் பார்க்க. நான் எவ்வளவு ஆட்டம் போட்டேன் என்று உனக்குத் தெரியும், வாரா வாரம் உன்னிடம் போனில் அளந்திருக்கிறேனே. தொடுபலகை, பிள்ளைகளுக்கு இருபத்துநான்கு டேப்லெட், மின் வகுப்பேடு, எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் நான். கூம்பு சுழன்று சுழன்று தானே விரிகிற மாதிரி ஒரு படம் செய்ய இரண்டு வாரம் உட்கார்ந்தேன். ஆய்வாளர் முன் வரிசையில் உட்கார்ந்தார். நான் பலகையைத் தொட்டேன். அது அசையவில்லை. மறுபடி தொட்டேன். தட்டினேன். பத்து நிமிடம் ஸொரித்சா, மரங்கொத்தி மாதிரி கொத்திக்கொண்டு நின்றேன்.

பின் பெஞ்சிலிருந்து உன் மகள், “டீச்சர், தொடுற கேபிளே மாட்டல. நீங்க எவ்வளவு குத்தினாலும் அது சும்மா படம்தான் காட்டும்” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் எழுந்து வந்து பலகைக்குப் பின்னால் குனிந்தாள், அரை நிமிடம்கூட ஆகவில்லை, கூம்பு சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆய்வாளர், “அடேயப்பா, இந்த ஸ்கூல்ல டீச்சர் யாருன்னு இப்பத்தானே தெரியுது!” என்றார். அவர் பிள்ளையைப் பாராட்டத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளே எரிந்தது.

அவர்கள் போன பிறகு அதே வகுப்பில் இன்னொரு பாடவேளை இருந்தது. யக்லிகாவைப் பலகைக்குக் கூப்பிட்டேன். பிரமிடின் கன அளவு கேட்டேன். சொன்னாள். அடுத்த கணக்கையும் போட்டாள், புத்தகத்தில் உள்ள வழியில் இல்லாமல் குறுக்கே போய், ஆனால் சரியாக. நான், “இங்க நான் சொல்லிக் கொடுத்த வழி எங்கடி? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே! போய் உட்காரு, ஒண்ணு” என்றேன். டேப்லெட்டை எடுத்து அந்த இடத்திலேயே பதிந்தேன்.

நிஜமாக அவளைத் தோல்வி ஆக்க நினைக்கவில்லை, இதை மட்டும் நம்பு. என் கை இருபது வருடம் காகித வகுப்பேட்டில் பழகிய கை. நம் ஊரில் எந்த ஆசிரியர் முதலில் பேனாவால் ஒன்று போட்டிருக்கிறார்? பென்சிலில் போடுவோம், பிள்ளை ஒரு வாரம் பயந்து படிக்கும், வெள்ளிக்கிழமை கூப்பிட்டு ஏதாவது ஒன்றைக் கேட்டு, ரப்பரால் அழித்துவிட்டு மூன்றோ நான்கோ மையால் எழுதுவோம். உனக்கே வேதியியலில் பென்சில் ஒன்று இருந்ததே! ஒரு வாரம் என் தோளில் அழுதாய். வெள்ளிக்கிழமை மூன்று வாங்கினாய். உன் அம்மா கண் மூடும் வரைக்கும் அவருக்கு அது தெரியாது.

நானும் அப்படித்தான் நினைத்தேன், வெள்ளிக்கிழமை மாற்றிவிடலாம் என்று. விரல் எடுத்த நொடியில் அது வியன்னாவில் உன் கையில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் முழுவதற்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான். பயிற்சி வகுப்பில் வரலாறு எடுக்கும் மிலோயே எழுந்து, “அது சரிம்மா லியுபிங்கா, இந்தப் பெட்டியில பென்சில் எங்க இருக்கு?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான். “காலம் மாறிப்போச்சு சார், இனிமே பெத்தவங்களுக்கு ஒளிவு மறைவே இல்ல” என்றேன். பெருமை பிடித்த கழுதை!

இடைவேளையில் நீ அவளைக் கூப்பிட்டாய். நடைபாதையில் ஹீட்டர் பக்கத்தில் நின்று பேசினாள். உன் குரல் எனக்குக் கேட்டது. அவ்வளவு சத்தமாகப் பேசினாய். “நான் இங்க ஒரு கிழவரத் தூக்கி உட்கார வச்சுக்கிட்டிருக்கேன், நீ அங்க கம்ப்யூட்டர நோண்டிக்கிட்டு ஒண்ணு வாங்குறியா? எலக்ட்ரிக்கல் ஸ்கூலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். முடி வெட்டக் கத்துக்க, பொழைச்சுப்ப” என்றாய். டீச்சர் கோபத்தில் போட்டுவிட்டார் என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் நாலு அடி தள்ளி நிற்கிறேன், என்னைப் பார்த்தாள், “சரிம்மா” என்று மட்டும் சொன்னாள்.

உன்மேல் குறை சொல்லவில்லை. நீ எந்தக் களைப்பில் இருந்தாய் என்று தெரியும். பென்சிலில் இருந்திருந்தால் அந்த வார்த்தைகள் உன் வாயில் வந்தே இருக்காது. அவற்றையும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாய். “லியுபா, உண்மையச் சொல்லு, அவ நிஜமாவே அவ்வளவு மோசமா?” என்று கேட்டாய். உனக்கு நம்பிக்கை வரவில்லை, நான் இல்லை என்று சொல்வேன் என்று காத்திருந்தாய். நான், “கவனம் சிதறுதுடி, எந்நேரமும் அந்தக் கருவிகள் மேலேயே கண்ணு” என்றேன். இதுதான் அந்தப் பொய். கோபத்தில் போட்ட ஒன்றுக்காவது நான் சாக்குச் சொல்லலாம். இதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

அதன்பிறகு நீ சொல்லி அவள் மடிக்கணினி அலமாரிக்குள் போனது. திங்கட்கிழமை என் மேசைமேல் ஒரு காலணிப் பெட்டி இருந்தது. தொடுபலகையின் கேபிள்கள், ரிமோட், ஒவ்வொன்றிலும் நிறத் தாள் ஒட்டி எது எங்கே என்று அவள் கையெழுத்தில். இனி வரமாட்டேன் என்று அர்த்தம். ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்து நானே மாட்டினேன். பிறகு விட்டுவிட்டேன். இப்போது சாக்பீஸ்தான். தூசுக்கு இருமுகிறேன், எனக்கு நன்றாக வேண்டும்.

மதிப்பெண்ணை ஏன் அன்றே அழிக்கவில்லை என்று கேட்பாய். அழிக்கலாம். ஆனால் காரணம் எழுதித் தலைமையாசிரியருக்கு அனுப்ப வேண்டும், யார் போட்டார், யார் அழித்தார், எப்போது என்பதெல்லாம் அதில் அப்படியே நிற்கும். பொறுப்பாளரே தப்பு செய்தாள் என்று ஆசிரியர் அறையில் பேசுவார்களே என்று பயந்தேன். அவளுக்கு அடுத்தடுத்து ஐந்துக்கு ஐந்து போட்டேன், அது எல்லாவற்றையும் மூடிவிடும் என்று. அவள் அந்த ஐந்துகளைப் பார்த்துத் தலையைக் கூட ஆட்டவில்லை.

நேற்று ஆசிரியர் அறையில் மிலோயே சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். அவர் இன்னும் அதில்தான் பென்சிலில் போடுகிறாராம். வெள்ளிக்கிழமை அழிக்க வேண்டியதை அழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மின் வகுப்பேட்டில் ஏற்றுகிறாராம். “என்ன பண்றதும்மா, அந்தப் பெட்டிக்குக் காத்திருக்கத் தெரியல, நாமதான் காத்திருக்கணும்” என்றார். அவருக்கு என் கதை தெரியாது. எழுந்து கழிப்பறைக்குப் போய் அழுதேன், பிறகு வகுப்புக்குப் போனேன்.

இன்று காலை விண்ணப்பத்தை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் அவர்களே மூன்று வைத்திருக்கிறார்கள்: வேறு மாணவர், வேறு தேதி, வேறு பாடம். எதுவும் பொருந்தவில்லை. நான்காவதாக ‘பிற’ என்று ஒன்று இருந்தது. அதில், “மாணவிக்கு விடை தெரியும். ஆசிரியர் கோபத்தில் போட்டது” என்று எழுதி அனுப்பினேன். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டி, நிஜமாகவே இப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். பொறுப்பாளர் வேலையை அடுத்த வருடம் வேறு யாருக்காவது கொடுப்பார்கள் போலிருக்கிறது. கொடுக்கட்டும்.

எட்டாம் வகுப்புக்கு மதிப்பெண்களை இந்த வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள். கணக்கில் அவளுக்கு ஐந்து. அது என் தயவு இல்லை, அவளுடையது. ஜூனில் மேல்நிலைப் பள்ளிக்கான விருப்பப் பட்டியலை நீதான் உன் போனிலிருந்து அனுப்பப் போகிறாய். முடிதிருத்தும் பள்ளியை மட்டும்தான் எழுதப் போகிறாய் என்று புதிமிர் அண்ணன் சொன்னார். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அதில் முதல் வரியை அவளைக் கேட்டு எழுது. நீஷ் நகர மின்னியல் பள்ளி என்றுதான் சொல்வாள். சொல்லாவிட்டால், இன்னொரு முறை கேள். இப்போதெல்லாம் ஒருமுறை கேட்டால் ‘சரிம்மா’ என்றுதான் சொல்கிறாள்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. திட்ட வேண்டுமானால் பிறகு திட்டு, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் அவளைக் கூப்பிடு. பள்ளி நேரத்தில் வேண்டாம், வீட்டில் இருக்கும்போது. அந்த மடிக்கணினியை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்.

கடவுள் உன் கைகளுக்குப் பலம் தரட்டும், அந்தப் பெரியவரும் உனக்குச் சிரமம் தராமல் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் ஒப்புதல் தந்ததும் உன் போன் ஒலிக்கும். ‘மதிப்பெண் நீக்கப்பட்டது’ என்று மட்டும் வரும். ஏன் என்று அதில் இருக்காது. அதற்காகத்தான் இதைப் பேனாவால் எழுதினேன்.

உன்னோடு ஒரே பெஞ்சில் எட்டு வருடம் உட்கார்ந்த,
லியுபிங்கா