பன்னிரண்டு மாத்திரைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். உன் மனைவியும் பிள்ளைகளும் சுகம்தானே.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். இருபத்தாறு வருஷமாகத் தபால் ஆபீஸில் ஊரார் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிறவளுக்குச் சொந்தமாக ஒன்று எழுத இன்றுதான் நேரம் வந்திருக்கிறது. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக உன் செய்தி வந்தது. "மருந்தே இல்லைன்னா அம்மா தேறினதும் நிஜமில்லையே அக்கா. நான் வந்தாலும் யாருன்னு தெரியப்போறதில்ல" என்று எழுதியிருந்தாய். மூன்று நாளாக அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நடந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன். திட்டுவதானால் எல்லாம் தெரிந்துகொண்டு திட்டு.

மறதி நோய்க்கான புது மருந்து ஒன்றை முதலில் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று எங்கள் ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போனேன். உலகத்துக்கு நல்லது செய்யும் ஆசையெல்லாம் கிடையாது. நான் உள்ளே நுழைந்துவிட்டால் அம்மாவுக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தேன். சோதனையை நடத்தும் டாக்டர் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். நல்ல உடம்பு இந்த மருந்தைத் தாங்குகிறதா, ஞாபகம் கூடுகிறதா என்று பார்ப்பதுதான் இப்போதைய வேலை, நோயாளிகளின் முறை வர இன்னும் சில வருஷம் ஆகும் என்றார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான், யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். சில வருஷம் என்றது மட்டும் காதில் நின்றது. அம்மாவிடம் சில வருஷம் எங்கே இருக்கிறது?

முதல் வாரம் மாத்திரையை ஒழுங்காக நானே விழுங்கினேன். வாரக் கடைசியில் பரீட்சை. நர்ஸ் பதினைந்து வார்த்தை வாசிப்பாள். சாவி, குதிரை, ஜன்னல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத வார்த்தைகள். அரைமணி கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் போய்வந்த பள்ளிக்கூட வாத்தியார் எட்டுதான் வந்தது என்று அசடு வழிந்தார். நான் பதினான்கு சொன்னேன். அன்றே முடிவு கட்டிவிட்டேன், எனக்குக் கிடைத்திருப்பது அசல் மருந்து என்று. காலையிலிருந்து சாயந்திரம் வரை ஊர்ப் பெயரும் எண்ணும் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறவளுக்குப் பதினைந்து வார்த்தை ஒரு பெரிய காரியமா என்று தோன்றவேயில்லை.

மறுவாரத்திலிருந்து மாத்திரை அம்மாவுக்குப் போனது. காலி அட்டையை மட்டும் கொண்டுபோய் நர்ஸிடம் நீட்டினேன். அந்த வாரம் மாத்திரை தொடாமலே மறுபடி பதினான்கு வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. போன வாரத்து மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அதற்கு முன்பெல்லாம் அம்மா முன்னால் தட்டை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள் நான். இது திருட்டு வைத்தியம் அல்லவா, எந்த மாற்றமும் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாதென்று தினமும் காலையில் அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது கேட்பேன். பதில் வரும்வரை காத்திருப்பேன். வேலைக்குத் தாமதமாகப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாத்திரை கொடுக்க ஆரம்பித்த நான்காம் நாள் அம்மா என்னை உற்றுப் பார்த்து, "பெரியவளே, ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்றாள். ஒன்றரை வருஷமாக அவளுக்கு நான் யாரோ ஒரு நர்ஸ். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்ததும் அவள் கேட்டது உன்னை. சின்னவன் எங்கே, சாப்பிட்டானா என்று. எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். கழுவித் துடைக்க ஒருத்தி, தேடப்படுவதற்கு ஒருத்தன்.

அன்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் நீ கொஞ்சமும் தயங்கவில்லை. "நிறுத்திடாதே அக்கா" என்றாய். நீயும் மறந்துவிடக் கூடாதென்று இதை எழுதி வைக்கிறேன். இரண்டு வருஷத்தில் நாலு தடவை பேசியவன் அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டாய். உனக்கு ஜலதோஷம் என்று குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்தாள். மாடிப்படியில் நீ நெற்றியைக் கிழித்துக்கொண்ட கதையைச் சொன்னாள். நான் தள்ளிவிட்டேன் என்று சொன்னது மட்டும் அநியாயம், நீயாகத்தான் விழுந்தாய். வயிறு வலிக்கச் சிரித்தாய். மறுநாள் டிக்கெட் போட்டாய்.

பதின்மூன்றாம் நாள் காலை, மாத்திரை கொடுக்கும் முன்பே அம்மா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்றேன். தம்பி, பெற்றவள் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறாள், நான் பொய் சொன்னேன். கால்மணி கழித்து மறுபடி கேட்டபோதுதான் உண்மை வந்தது. உடனே சோதனை டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஆபத்துக்கு மட்டும் திறக்கிற பட்டியல் ஒன்று இருக்கிறதாம். அதைத் திறந்து பார்த்துச் சொன்னார். என் அட்டையில் இருந்தது வெறும் மாத்திரை. அம்மா விழுந்தது உடம்பில் உப்பு குறைந்ததால்.

அந்த டாக்டர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "உங்க அம்மா மாதிரி இருக்கிறவங்களுக்காகத்தான் இதைப் பண்றோம். உங்க பொய்யை நம்பி நாளைக்கு யாருக்காவது மருந்து கொடுத்திருப்போமே" என்றார். என்னைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேண்டியதுதான். அது அசலாக இருந்து அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்து, ராத்திரியில் எழுந்துபோய் அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

அப்படியானால் அந்தப் பன்னிரண்டு நாள் என்ன என்று கேட்டேன். இந்த நோயில் நடுநடுவே நல்ல நாட்கள் வருவதுண்டு, பக்கத்தில் ஆள் இருந்து பேச்சுக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதலாகவும் வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டு சந்தோஷப்படவா முடியும்? ஒன்றரை வருஷம் தட்டை வைத்துவிட்டு ஓடியவள் நான். நீ தட்டுகூட வைக்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் மறுபடி நர்ஸ் ஆகிவிட்டேன். காலை அரைமணி உட்காருவதை நிறுத்தவில்லை, பெரிதாக ஒன்றும் நடக்கவுமில்லை. போன் அடித்தால் தலையைத் திருப்புகிறாள். உன்னை நினைத்தா, வெறும் சத்தத்துக்கா என்று எனக்குத் தெரியாது.

மாத்திரையில் ஒன்றும் இல்லாததால் அது நிஜமில்லை என்கிறாய். ஒன்றும் இல்லாததால்தான்டா அது நிஜம். உன் ஜலதோஷத்தைக் கண்டுபிடித்தது அம்மா. சின்னவனே என்று கூப்பிட்டது அம்மா. மருந்தை நம்பி டிக்கெட் போட்டவன் அம்மாவுக்காகப் போட மாட்டாயா?

வந்தால் யார் என்று கேட்பாள். சொல். மறுபடி கேட்பாள், மறுபடி சொல். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், வாய் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை. அக்கா கூப்பிடவேயில்லை என்று நாளைக்கு நாலு பேர் முன்னால் நின்று சொல்லாதே. கூப்பிட்டாயிற்று.

அந்த நாட்களில் போனை வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அம்மா உனக்கு ஒன்று சொல்வாள். இப்போது அவளுக்கு அது வருவதில்லை. எனக்கும் மனசாரச் சொல்ல வரவில்லை, ஆனாலும் அவளுக்குப் பதிலாக எழுதுகிறேன். நல்லா இருடா.

இப்படிக்கு,
உன் அக்கா