எறக்கத்துக்கு ஓர் எலுமிச்சை

அப்பா,

வலது உள்ளங்காலில் எலுமிச்சை மணம் இன்னும் போகவில்லை. கழுவ மனமும் வரவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோலா குபு பாருவுக்குப் போகிறேன். அங்கிருந்து, நீங்கள் லோரி ஓட்டிய மலைச்சாலையில், முதுகில் பையோடு தனியாக. முடிந்த மட்டும் நடப்பேன். முடியாத இடத்தில் பஸ் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரவுப் ஊருக்குப் போய்ச் சேருவேன்.

பள்ளி விடுமுறையில் என்னை அந்த வழியில் அழைத்துப் போவீர்கள். லோரியின் பின்னால் சுங்கை செம்பிலாங் கடற்கரையிலிருந்து ஏற்றிய கருவாட்டு மூட்டைகள். புறப்படுமுன் முன்சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சை வைத்து நசுக்குவீர்கள். இன்னொன்று ஸ்டியரிங்குக்கு முன்னால் கயிற்றில் தொங்கி, வழி முழுக்க ஆடிக்கொண்டே வரும்.

"இது எதுக்குப்பா?"

"கீழ வச்சது ஏத்தத்துக்கு. தொங்குறது எறக்கத்துக்கு. ஏத்தம் லோரி பாடு. எறக்கம் என் பாடுலா, பாப்பா."

நீங்கள் கண்மூடிய மறு வருடம், எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில், மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி என் வலது கால் முறிந்தது. படுத்தே கிடந்த நாட்களில் மாவுக்கட்டின் மேல் பேனாவால் அந்தச் சாலையை வரைந்தேன், ஞாபகத்தில் இருந்த வளைவெல்லாம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்த நர்ஸ் மிஸ்ஸி, "இது என்னம்மா, பாம்பா?" என்று கேட்டார். அது எந்த வழி என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

பட்டம் வாங்கினேன், வேலையும் கிடைத்தது. ஆனால் இதுவரை யாராவது கூட்டிப்போன இடத்துக்கு மட்டுமே போயிருக்கிறேன். ஒரு தடவையாவது நானே ஓரிடம் போய்ச் சேர வேண்டும். விடுப்பு முடிந்து மறுபடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் இந்தத் துணிச்சல் இருக்காது.

சுமந்து நடந்து பழக, பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு கூடத்தில் சுற்றிச் சுற்றி நடந்தேன். "அரிசி தூக்கவா உன்னை யுனிவர்சிட்டிக்கு அனுப்புனோம்?" என்றார் அம்மா. பின்வாசல் படியில் ஏறினால் ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் வலது காலில் வலி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது உங்கள் குரல் கேட்டது: "எறக்கம் என் பாடுலா, பாப்பா."

அம்மா சம்மதிக்கவே இல்லை. இன்று சாயங்காலம் திடீரென்று வாசலில் ஓர் எலுமிச்சையை வைத்தார்.

"உங்கப்பா லோரிக்கு வச்சாரு. உனக்கு ஏது சக்கரம்? ஒடஞ்ச காலை வை. நசுங்குனா போ. இல்லன்னா பையை அவுத்துடு."

கதவைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். பழம் வழுக்கி வாசலோரக் கால்வாயை நோக்கி உருண்டது.

"பாத்தியா, உன்னவிட அது வேகமா ஓடுது!"

நானே போய் எடுத்துவந்தேன். இந்தத் தடவை கதவைப் பிடிக்கவில்லை. இடது காலைத் தூக்கிவிட்டு முழு எடையையும் வலது காலுக்குக் கொடுத்தேன். வலி தொடைவரை ஏறியது. பழம் வெடித்துச் சாறு அம்மாவின் சேலையில் தெறித்தது. அவர் துடைப்பத்தை எடுத்து வாசலைக் கூட்டினார்.

"போற ஊர்லேருந்து முனைக் கடைக்கு போன் அடி, என்னைக் கூப்பிடுவாங்க" என்றார் குனிந்தபடியே.

இப்போது பையைக் கட்டும்போது பக்கத்துப் பாக்கெட்டில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். இன்னொரு எலுமிச்சை.

"அது எறக்கத்துக்கு" என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

அம்மா உங்கள் லோரியில் அந்த மலைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நம் இருவருக்கும் மட்டுமே தெரிந்த பேச்சு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், அப்பா.

பழத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.