மழை நிறுத்திய ஆட்டம்

பிரைரி ஃபோர்க், ஐயோவா
9 ஆகஸ்ட் 1984

அன்புள்ள நோரீனுக்கு,

ஐயோவாவின் முடிசூடா மன்னனும் உன் அம்மாவின் ஒரே அண்ணனுமான ரூஃபஸ் மாமா எழுதுவது. இங்கே சோளம் தேவாலயக் கோபுரத்தை எட்டிவிட்டது. பாதிரியார் கதிர்களை விலக்கித்தான் மணிக்கயிறு தேடுகிறார். உன் அப்பாவைத் தவிர எல்லோரும் நலம்.

உன் கடிதம் கிடைத்தது. உன் அலுவலகத்தில் பழைய சிற்றூர் பேஸ்பால் லீக்குகளின் புள்ளிவிவரங்களை ஒரே விதிப்படி சரிபார்க்கிறீர்கள், ஐந்து இன்னிங்ஸுக்கு முன்பே மழையில் நின்ற ஆட்டங்களை நீக்குகிறீர்கள், அதோடு 1951-ல் அப்பா பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுத்த ஹோம் ரன்னும் போகிறது என்று எழுதியிருந்தாய். அதை நானே அவனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். அடிப்பாவி! உன் அப்பன் கிளெம் வாழ்நாளில் அடித்ததே அந்த ஒன்றுதானே!

நம்மூரில் கணக்கு எழுதிய ஹார்லனுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: "டிக்கெட் கிழிச்சாச்சுன்னா அது ஆட்டம்தான்யா!" அதனால்தான் நான்காவது இன்னிங்ஸில் நின்றதையும் சேர்த்துவிட்டார். அன்று பெய்தது சாதாரண மழையா? மைதானத்தில் மீன்கள் ஓடி ரன் எடுத்தன. கிளெம் அடித்த பந்து இன்னும் தரை இறங்கவில்லை. விண்கலங்கள் எல்லாம் அதற்கு வழிவிட்டுத்தான் போகின்றன.

அப்போதெல்லாம் ஹோம் ரன் என்பது வால்நட்சத்திரம் மாதிரி. இப்போது நேற்று வந்த சுள்ளானெல்லாம் வேலியைத் தாண்டி அடிக்கிறான். காலப்போக்கில் இது எவ்வளவு கூடியிருக்கிறது என்று அறிய எல்லா ஊர்க் கணக்கும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்கிறாய். நியாயம்தான். அந்த நியாயத்தைத் தூக்கி அடுப்பில் போடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அதற்கு முன் கிளெமைப் பார்க்கப் போனேன். உன் அம்மா சுட்ட ஆப்பிள் பை பலகாரம் ஒரே ஒரு கடியோடு கட்டிலருகே கிடந்தது. அதில் மூன்றை முழுசாகத் தின்றுவிட்டுத் தட்டையும் நக்குகிற ஆள்! ஹோம் ரன்னுக்கு ஆபத்தில்லை என்று பொய் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மச்சான், மூஞ்சி தொங்குது? எம்பொண்ணு அந்த மழை ஆட்டத்தைக் கண்டுபிடிச்சிட்டாளா?"

அவனுக்கு முதலிலிருந்தே தெரியுமாம்! "அது கணக்குல வராதுன்னு அன்னிக்கே சொன்னேன், ஹார்லன் கேட்டாத்தானே? ஊரான் ஹோம் ரன்னை எடுக்கறவ அப்பனோடதுக்கு மட்டும் கண்ணை மூடிக்குவாளா? எடுக்கச் சொல்லு." சிரித்தான், இருமினான். அப்புறம் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "ஆனா எடுக்கறப்ப எம்பக்கத்துல உக்காந்து எடுக்கச் சொல்லு, மச்சான்."

அக்டோபரில் வரும் பேஸ்பால் உலகத் தொடர் வரை தாங்குவானா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சோளம் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

உன் வேலை ஓங்கட்டும், தாயி. உன் அளவுகோல் யாருக்காகவும் வளைய வேண்டாம், எனக்காகவும்கூட. அப்பாவின் ஹோம் ரன் இருக்கிற அந்த ஒரு பக்கத்தை மட்டும் தபாலில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. பேருந்து நிலையத்தில் இன்றிலிருந்தே காத்திருக்கிறேன்; இதில் மட்டும் மிகை இல்லை.

ஆசிகளுடன்,
உன் மாமன்
ரூஃபஸ்