டைட்டனில் மேகம் செய்தவள்

நடந்தது எல்லாவற்றையும் உனக்கு உண்மையாகவே எழுதப்போகிறேன், நான் நல்லவளாகத் தெரியாத இடங்களையும் சேர்த்து. என் விரல்களில் சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. அது போடி பஜாரில் உங்கள் ஏலக்காய்க் கடையின் வாசம்.

காலையில் கடை திறந்து உன் அப்பா தூபம் காட்டியதும், கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக் கொஞ்சம் புகை வாங்கிக்கொள்வாய். பிறகு துளித் தண்ணீர் விட்டு, கார்க்கை அடைத்து, அதில் சைக்கிள் பம்ப்பைச் செருகுவாய். காற்றை அடித்துக் கார்க்கைப் பட்டென்று பிடுங்கினால் உள்ளே வெள்ளையாக மேகம். "சனியோட நிலா டைட்டன் இருக்குல்ல, அங்கன எந்நேரமும் புகமூட்டந்தான்டி. தண்ணிக்குப் பதிலா மீத்தேன். அதுவும் ஒட்டிக்கிட்டு மேகமாக ஒரு தூசி வேணும்ல?" என்பாய். ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வேறோர் உலகத்து வானிலை சொன்னவள் நீ ஒருத்திதான்.

போன வருடம் பள்ளி அறிவியல் கண்காட்சியன்று நீ தேனி ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாய். புகையைப் பிடித்து மூடிய பாட்டிலை நான் கொண்டுபோனேன். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள் என்று நம் வகுப்பு நிவேதாவை விளக்கச் சொன்னார்கள். "என் ஐடியா" என்று சொல்லிப் பரிசும் வாங்கினாள்.

சாயங்காலம் நீ கேட்டாய்: "மேகம் வந்துச்சா?"

வந்தது என்றேன்.

"எம்பேரச் சொன்னாகளா?"

நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். உனக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தக் காய்ச்சலிலிருந்து நீ எழவே இல்லை.

இந்த வருடம் அதே மேகத்தைத் தானே செய்து காட்டுவதாக நிவேதா சொன்னாள். நேற்று புதுப் பாட்டிலைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவிக்கொண்டிருந்தாள். புகையைப் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணியையும் தீப்பெட்டியையும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்று அவள் பம்ப் அடித்துக் கார்க்கைப் பிடுங்கினாள். ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை.

"எங்கம்மா மேகம்? லீவு போட்டிருச்சா?" என்றார் நடுவர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏய், என்னடி விட்டுப்போச்சு? சொல்லுடி" என்று நிவேதா என்னிடம் வந்து காதில் கெஞ்சினாள்.

"உன் ஐடியாதான? நீயே யோசி."

அவள் அழும்வரை காத்திருந்தேன். பிறகு முன்னால் போய்ச் சாம்பிராணியைக் கொளுத்திப் பாட்டிலில் புகை பிடித்தேன். முதல் தடவையிலேயே மேகம் பொங்கியது. யார் யோசனை இது என்று நடுவர் கேட்டார். உன் பெயரை, அப்பா பெயரோடும் ஊரோடும், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். நிவேதாவைப் பார்த்து, "போன வருசமும் இது அவளோடதுதான்" என்றேன்.

"பாவம்டி அவ" என்றாள் பக்கத்தில் நின்றவள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் தோன்றவில்லை. இனி எந்த மேடையில் இந்த மேகம் எழுந்தாலும் உன் பெயரைச் சொல்வேன். நிவேதா எதிரே இருக்கும் மேடையாகப் பார்த்துச் சொல்வேன்.

நான் இதை எழுதி முடிப்பதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். வாட்ச்மேன் கண்காட்சி ஹாலின் விளக்குகளை அணைத்துவிட்டார்.